குறவஞ்சியும் குறவர் பொருள்வாழ்வும்

முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்த மேலகரம் தமிழிலக்கிய வரலாற்றில் இருவர் பெயரால் விளக்கம் பெற்றது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் வீற்றிருந்து டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலியோரின் கல்விக்குத் துணைநின்ற சுப்பிரமணிய தேசிகர் இவ்வூரில் தோன்றியவர். அவர்க்கு ஒரு நூற்றாண்டிற்கும் முற்பட்டவரும், திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றியவருமான திரிகூடராசப்பக் கவிராயரும் இவ்வூரினரே. கவிராயரின் புலமை நலத்தைப் பாராட்டிய கட்டுரைகள் பல உள. சந்த இன்பமும், மலைவளம் கூறும் திறனும், நகைச்சுவையும் போதிய அளவு ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அந்நூலுக்குப் பெயர் தந்த குறமகள் எவ்வாறு பிழைத்தாள், அவள் ஈட்டியது யாது, அவள் இனத்தார் பின்னர் எந்நிலை எய்தினர் என்னும் வினாக்கள் இலக்கிய ஆராய்ச்சியாளரால் பெரிதும் எழுப்பப்படவில்லை.

இனவேறுபாட்டாலும் ஆண் பெண் வேறுபாட்டாலும் எழும் பொருளியல் ஏற்றத்தாழ்வு இற்றை நாளில் உலகெங்கும் ஆராயப்படும் பொருளாகும். நம் நாட்டில் இன வேறுபாட்டின் இடத்தைப் பெரும்பாலும் சாதி பெற்றுள்ளது. எனினும், குறவர் முதலிய சில குடிகளைப் பொறுத்தவரை, ஆங்கில ஆட்சியாளர் அவர்களைப் பிறவியிலேயே வேறுபட்டதோர் இனமாகக் கருதிச் சட்டமும் இயற்றினர். ஆகவே சாதி, இனம், பால் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து பொருந்தும் இடமாகக் குறமகளின் வரலாறு அமைகின்றது. அவ்வரலாற்றை மேலகரத்துக் குறவஞ்சியைத் தொடக்கமாகக் கொண்டு இற்றை நாள் வரை ஒருவாறு காண்பதும், குறை தீர்க்க எழுந்த சட்டங்களும் திட்டங்களும் அவளை எவ்வளவு எட்டின என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் உழைப்பு

குறிஞ்சி நிலத்து மக்களாகிய குறவர் சங்க நூல்களில் தினை விதைப்போராகவும் தேன் எடுப்போராகவும் கிழங்கு அகழ்வோராகவும் காட்சி தருகின்றனர். குறிகூறும் பெண்டிரும் அக்காலத்திலேயே இருந்தனர். குறுந்தொகை குறிப்பிடும் அகவன்மகளும், அகத்துறையில் வரும் கட்டுவிச்சியும் குறிபார்த்தலைத் தொழிலாகக் கொண்ட மகளிரே. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை குறம் இத்தொழிலைத் தனியொரு நூற்கே பொருளாக்கியது. குறம் வளர்ந்து குறவஞ்சி நாடகமாக விரிந்தது. அவ்வகையின் தலைமணியாகத் திருக்குற்றாலக் குறவஞ்சி விளங்குகின்றது.

அந்நூலின் கதை யாவரும் அறிந்ததே. குற்றாலநாதர் உலாவரக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கின்றாள். சிங்கி என்னும் குறத்தி வந்து, தன் மலைவளமும் நாட்டுவளமும் தொழில்வளமும் கூறி, கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெற்றுச் செல்கின்றாள். அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்கும் முயற்சியில் ஈடுபட்டு, அவளைக் காணாது தேடி அலைந்து, இறுதியில் கண்டு, அவள் மேனியில் அணிந்துள்ள நகைகள் எங்கிருந்து வந்தன என ஒவ்வொன்றாக வினவுகின்றான். அவளும் ஒவ்வொன்றாக விடை பகர்கின்றாள்.

இவ்வுரையாடல் நகைச்சுவைக்காகவே பெரிதும் பாராட்டப்படுகின்றது. பொருளியல் நோக்கில் காணுமிடத்து வேறு மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, குடும்பத்தில் பொருள் ஈட்டுபவள் பெண். அவள் ஈட்டம் கணவனுடையதினும் மிகுதி. இரண்டு, ஊர் ஊராகச் செல்லும் உரிமையே அவள் ஈட்டத்திற்கு முதல். தான் சென்ற நாடுகளை அவள் பெருமையுடன் எண்ணுகின்றாள். மூன்று, பெண் தானே ஈட்டிய பொருளுக்குக் கணவனிடம் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தாள்; அப்பொருள் ஐயத்திற்கும் இடமாயிற்று. வசந்தவல்லியிடம் நகை நிறைய உண்டு. மனையையும் தோழியர் சூழலையும் விட்டு நீங்கும் உரிமை இல்லை. சிங்கியிடம் நடக்கும் உரிமை உண்டு; நிலம் இல்லை, நிலையான மனை இல்லை. ஒரே நாடகத்தில் இரு பெண்களின் பொருள்நிலை இவ்வாறு எதிரெதிராக வைக்கப்பட்டுள்ளது.

இலக்கியச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. குறவஞ்சி மரபு வழிப்பட்ட நூல். அதன் உறுப்புகள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. குறவர் தாமே எழுதியதும் அன்று. குறி கேட்டோர்க்கு இன்பம் பயக்கும் வகையில் குறத்தி தீட்டப்படுகின்றாள். அவள் பசியோ களைப்போ அங்கே மிகுதியும் பேசப்படுவதில்லை. ஆயினும், அக்காலத்து அவையினர் கண்டறியாத ஒரு தொழிலைக் கவிஞர் நாடகத்தின் நடுவே நிறுத்தியிரார். குறி கூறி ஊர்தோறும் சென்று கூலி பெறும் பெண் பதினெட்டாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையார்க்கு அறிமுகமான உழைப்பாளி என்னும் அளவில் இச்சான்றை ஏற்றல் தகும். பச்சை குத்துதல், கூடை முறம் முடைதல், உப்பும் கறிவேப்பிலையும் விற்றல் ஆகியன குறமகளிரின் பிற தொழில்களாகப் பிற்காலப் பதிவுகளால் அறியப்படுகின்றன.

குறவஞ்சி மேடு

இந்நூலின் சிறப்பைக் கேட்டுணர்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706-1732) கவிராயர்க்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்பதும் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் செய்திகளாகும். புலமைக்கு நிலம் பரிசிலாக அமைந்தது அக்கால மரபு. அதனைக் குறைகூற இடமில்லை. வரலாற்று மாணவர் கருதத்தக்கது இப்பெயரின் பொருளாகும். குறவஞ்சி என்னும் பெயரால் ஒரு நிலம் உண்டு. குறவஞ்சிக்கு நிலம் இல்லை.

நிலம் என்பது அக்காலத்தில் வருவாயை மட்டும் குறித்ததன்று. இறையிலி நிலம் பெற்றவர் ஊரவையில் மதிப்புப் பெற்றனர். பஞ்ச காலத்தில் கடன் பெறும் தகுதியுடையராயினர். தம் மக்கட்கு அந்நிலத்தை விட்டுச் சென்றனர். ஆங்கிலேயர் நிலவரித் திட்டம் வகுத்தபோது, முன்னரே நிலத்தோடு தொடர்புடையவர்க்கே பட்டா கிடைத்தது. பொதிமாட்டோடும் கூடையோடும் ஊர்விட்டு ஊர் சென்ற குடியினர் எவ்வூர்க் கணக்கிலும் இடம்பெறவில்லை. அவர்தம் செல்வம் கால்நடையும் கைத்தொழிலும் வழித்தடமுமே ஆகும். இம்மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடுத்தடுத்து அழிந்தமையே பின்வந்த வறுமைக்கு முதற்காரணம் என்பது எம் கருத்து.

வாணிகம் வீழ்ந்த வரலாறு

உப்புக் குறவர், கறிவேப்பிலைக் குறவர், மூங்கிற் பிளாச்சால் கூடை முடையும் தப்பைக் குறவர் என அவ்வினத்தின் உட்பிரிவுகள் பலவும் தொழிற்பெயரால் வழங்கின. கடற்கரையில் உப்பை வாங்கிப் பொதிமாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டிற் கொண்டுசென்று, தானியத்திற்கு மாற்றி, அதனை மீண்டும் கரையோரத்தில் விற்றல் உப்புக் குறவரின் தொழில். வண்டி செல்லாத மலைவழிகளில் இவ்வாணிகம் ஊரார்க்கு இன்றியமையாததாக இருந்தது. ஊருக்குள் வீடுதோறும் சென்று உப்பை அளந்து விற்பதிலும் பண்டமாற்றுச் செய்வதிலும் மகளிர்க்குப் பெரும்பங்கு இருந்தது.

1805 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கும்பினியாரின் தனியுரிமைப் பொருளாயிற்று. விலை உயர்ந்தது, சிறு வணிகர் உரிய இடத்தில் நேரே வாங்கும் வழி சுருங்கியது. 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கு முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அரை நூற்றாண்டில் மாகாணத்தின் பல பகுதிகளிலும் இருப்புப்பாதை பரவியது. மேலகரத்தை அடுத்த செங்கோட்டை கணவாய் வழியே கொல்லம் செல்லும் பாதையும் 1904 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மூட்டை மூட்டையாக உப்பும் தானியமும் புகைவண்டியிற் சென்றபோது பொதிமாட்டுக்கு வேலை இல்லாதாயிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் எஞ்சிய கால்நடைகளையும் பெரிதும் அழித்தது. 1882 ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் மேய்ச்சலையும் மூங்கில் வெட்டுதலையும் அரசு இசைவுக்கும் கட்டணத்திற்கும் உட்படுத்தியது. முறம் முடையும் பெண்ணுக்கு மூங்கில் முதற்பொருள். நேற்றுவரை மலையில் எடுத்ததை இன்று எடுப்பது குற்றமாயிற்று.

இந்நான்கு நிகழ்ச்சிகளும் குறவரைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. அரசின் வருவாய், போக்குவரத்து, காடு காத்தல் என ஒவ்வொன்றற்கும் தனித்தனி நோக்கம் கூறப்பட்டது. ஒரு குடியின் முதல் முழுவதும் அவற்றால் அழிந்தது. இழப்பீடு என்னும் சொல் எவ்விடத்தும் எழவில்லை. பட்டா உடையார்க்கே இழப்பீடு என்னும் முறை அன்றே வேரூன்றிவிட்டமை காண்க.

இனம் என்னும் அளவுகோல்

தொழில் இழந்த குடி அலைந்தது. அலைவோர்மீது ஐயம் பிறந்தது. 1892 ஆம் ஆண்டில் காவல்துறையைச் சார்ந்த மல்லலி என்பார் சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பினர் பற்றி வெளியிட்ட நூலில் குறவர்க்கு இடம் உண்டு. 1909 ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் மக்களின் மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து வகைப்படுத்தும் முறையைக் கைக்கொண்டது. உடலுறுப்பின் அளவுகொண்டு ஒரு குடியின் இயல்பைக் கணிக்கலாம் என்னும் கொள்கை அக்காலத்து ஐரோப்பிய அறிவுலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கொள்கை இற்றை அறிவியலால் முற்றும் மறுக்கப்பட்டதாகும். தச்சன் மகன் தச்சனாவது போலத் திருடன் மகன் திருடனாவான் என்னும் எண்ணத்தோடு அது சேர்ந்தபோது பெருங்கேடு விளைந்தது.

1871 ஆம் ஆண்டில் வடஇந்தியப் பகுதிகட்கு இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டின் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. 1924 ஆம் ஆண்டில் மீண்டும் தொகுத்து இயற்றப்பட்டது. ஒரு குடியைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை வழக்குமன்றத்தில் எதிர்த்தல் இயலாது. அக்குடியினர் பெயர் பதிந்து கைரேகை கொடுத்தல் வேண்டும். குறித்த காலந்தோறும் அதிகாரிமுன் தோன்றுதல் வேண்டும். இருப்பிடம் மாறுவதையும் வெளியூர் செல்வதையும் அறிவித்தல் வேண்டும். அவர்களைக் குடியேற்றங்களில் அடைக்கவும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. தெலுங்கு நாட்டில் எருகலர் எனப்படும் உறவுக் குடியினர்க்காக அமைக்கப்பட்ட ஸ்டூவர்ட்புரம் இரட்சணிய சேனையின் பொறுப்பில் விடப்பட்டது. தென்னார்க்காட்டில் அசீசுநகர் என்னும் குடியேற்றம் அமைந்தது. குடியேற்றத்தார் ஆலைக்கும் கல்லுடைக்கும் இடத்திற்கும் பண்ணைக்கும் உரிய கூலியாட்கள் ஆயினர். வணிகராக இருந்தவர் காவலுக்குட்பட்ட கூலியராக மாறியமை ஈண்டுக் கருதற்பாலது.

இச்சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒருபடித்தாகத் தாக்கியது எனக் கூறுதல் பொருந்தாது. ஆண் பண்ணையிலோ கல்லுடைக்கும் இடத்திலோ ஓரிடத்து நின்று கூலி பெறலாம். குறி கூறுதல், பச்சை குத்துதல், முறம் விற்றல் ஆகிய தொழில்கள் யாவும் நடையையே முதலாகக் கொண்டவை. வெளியூர் செல்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றதும் அவை யாவும் ஒருங்கே வீழ்ந்தன. சிங்கி பெருமையுடன் எண்ணிய ஊர்ப்பெயர் வரிசை, இரு நூற்றாண்டு கழிந்தபின், காவல் அதிகாரியின் ஏட்டில் ஐயத்துக்குரிய நடமாட்டமாக எழுதப்படும் நிலை வந்தது. நாடகத்தில் கணவன் வினவிய வினாவை இப்பொழுது அரசு வினவியது. அவள் விடையை நம்புதற்கு ஒருவரும் இலர்.

இச்சட்டத்தை எதிர்த்து நின்ற குடிகள் பல. 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 3 ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மறுத்த பிறமலைக் கள்ளர்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. இறந்தோருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். நிலமும் ஊரும் உடைய குடியினர் ஓரிடத்தில் திரண்டு நிற்க முடிந்தது. சிதறி வாழ்ந்த குறவர்க்கு அத்தகைய திரட்சி எளிதன்று. ஆதலின் அவர்தம் எதிர்ப்பு ஏடேறியது குறைவே.

நீக்கமும் பட்டியலும்

சென்னை மாகாணம் 1947 ஆம் ஆண்டில் இச்சட்டத்தை நீக்கியது. 1949 ஆம் ஆண்டில் மைய அரசு அமைத்த அனந்தசயனம் ஐயங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின், 1952 ஆம் ஆண்டு ஆகத்து 31 ஆம் நாள் இந்தியா முழுவதும் அது நீங்கியது. ஆயினும் 1948 ஆம் ஆண்டிலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் இயற்றப்பட்டது. குடி முழுவதையும் குறித்த சட்டம் போயிற்று. தனியாளைக் குறித்த சட்டம் வந்தது. காவல் நிலையத்தார் நெஞ்சில் பழைய பெயர்ப் பட்டியல் எளிதில் அழியவில்லை.

பின்னர் எழுந்தது ஒதுக்கீட்டுக் கொள்கை. 1921 ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணையிலிருந்து வளர்ந்த அக்கொள்கையின் வரலாற்றில் மேலகரத்திற்கு அண்மையதாகிய செங்கோட்டைக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வூரிற் பிறந்த ஏ. என். சட்டநாதன் தலைமையில் 1969 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதற் பிற்பட்டோர் நலக் குழு அமைந்து, 1970 ஆம் ஆண்டில் அறிக்கை வழங்கியது. பிற்பட்டோருள்ளும் மிகப் பிற்பட்டவர் தனியே கருதப்பட வேண்டும் என்பது அக்குழுவின் சிறந்த கருத்து. 1971 ஆம் ஆண்டில் பிற்பட்டோர்க்குரிய பங்கு நூற்றுக்கு 25 இலிருந்து 31 ஆகவும், பட்டியல் வகுப்பினர்க்குரிய பங்கு 16 இலிருந்து 18 ஆகவும் உயர்ந்தன. மிகப் பிற்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் சேர்த்து 20 பங்கு தனியே ஒதுக்கப்பட்டது 1989 ஆம் ஆண்டில்தான்.

இப்பட்டியல்களில் குறவர் எங்குள்ளனர்? குறவன், சித்தனார் என்னும் பெயர் பட்டியல் சாதியார் வரிசையில் உண்டு. மலைக்குறவன் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் உண்டு. உப்புக் குறவர், இஞ்சிக் குறவர், தப்பைக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், தோகைமலைக் குறவர் முதலிய பல பெயர்கள் 68 சமூகங்களைக் கொண்ட சீர்மரபினர் வரிசையில் உண்டு. உறவுக் குடியினராகிய எருகலர் ஆந்திரத்தில் பழங்குடியினர். கொரமர், கொரச்சர் கருநாடகத்தில் பட்டியல் சாதியினர். உப்பு விற்றதால் ஒரு பெயரும், கூடை முடைந்ததால் மற்றொரு பெயரும் பெற்ற ஒரே மக்கள், மூன்று வரிசைகளில் மூன்று வேறு உரிமைகளோடு நிற்கின்றனர். காவல்துறை ஏட்டிற் கண்ட பிரிவுப் பெயர்களே நலத்துறை ஏட்டிற்கும் வந்துவிட்டமை இதற்குக் காரணமாகும்.

சீர்மரபினர் என்னும் பெயரும் மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. 1979 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாணை ஒன்று பழங்குடி என்னும் சொல்லை நீக்கிச் சமூகம் என்னும் சொல்லை வைத்தது. ஒரு சொல் மாறியதால் மைய அரசின் திட்டங்களைப் பெறுதல் தடைப்பட்டது என்னும் முறையீடு நாற்பது ஆண்டு தொடர்ந்தது. 2019 ஆம் ஆண்டில் மாநில ஒதுக்கீட்டிற்குச் சமூகம் என்றும், மைய அரசின் நலத்திட்டங்கட்குப் பழங்குடி என்றும் இருவகைச் சான்றிதழ் வழங்கும் முறை ஏற்பட்டது.

நரிக்குறவர் வேறு இனத்தவர் என்பதும் ஈண்டு வற்புறுத்தற்குரியது. அவர்தம் வாக்ரிபோலி இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சார்ந்த மொழி. தமிழ் வழங்கும் குறவரோடு அவர்க்குப் பெயரொற்றுமையன்றி மொழியொற்றுமை இல்லை. இப்பெயர் மயக்கத்தைக் குறவர் அமைப்புகள் நெடுங்காலம் எதிர்த்து வந்துள்ளன. எனினும் அலைந்து திரியும் வாணிகம், பாசிமணி விற்கும் மகளிர், நிலமின்மை, காவலர் ஐயம் ஆகியவற்றில் இருசாரார் நிலையும் ஒத்ததே. நரிக்குறவர்க்கெனத் தமிழ்நாட்டரசு 2008 ஆம் ஆண்டில் நலவாரியம் அமைத்தது. 1965 ஆம் ஆண்டின் லோகூர் குழு பழங்குடியினர் வரிசையிற் சேர்க்கப் பரிந்துரைத்த அவர்களை, 2022 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நாடாளுமன்றம் அவ்வரிசையிற் சேர்த்தது. பரிந்துரைக்கும் சட்டத்திற்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன.

பெண்ணுரிமைச் சட்டங்கள்

இனி மகளிரின் பொருளுரிமை குறித்த சட்டங்களைக் காண்போம். 1929 ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நிகழ்ந்த முதற் சுயமரியாதை மாநாடு பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. 1937 ஆம் ஆண்டின் சட்டம் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அளவான உரிமை தந்தது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வுரிமையை முழுமையாக்கியது. மகளுக்கும் தந்தையின் தனிச்சொத்தில் பங்களித்தது. தமிழ்நாட்டின் 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் மூதாதையர் சொத்திலும் மகளை மகனோடு சமமாக்கியது. ஆயின் அவ்வாண்டு மார்ச்சு 25 ஆம் நாளுக்கு முன் மணம் முடித்தோர்க்கு அது பொருந்தவில்லை. 2005 ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் அத்தகைய திருத்தம் வந்து, மணமானவர் என்னும் விலக்கும் நீங்கியது.

இவை தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க சட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை பகிர்ந்தளிப்பது தந்தையிடம் உள்ள சொத்தை. தந்தையிடம் கூடையும் கோணியும் மட்டுமே இருப்பின், அவற்றிற் பாதி மகளுக்கு உரியது என்பதால் அவள் பெறுவது யாது? நிலமுடைய குடிகளுள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைச் சட்டம் குறைத்தது. நிலமுடைய குடிப் பெண்ணுக்கும் நிலமற்ற குடிப் பெண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவை அது தொடவில்லை. 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் இத்தன்மையதாகவே இருந்தது. கூலி தரும் முதலாளி ஒருவர் இருப்பின் ஆடவர்க்குத் தருவதை மகளிர்க்கும் தருக எனக் கட்டளையிடலாம். தெருவில் முறம் விற்பவளுக்கு முதலாளி யார்?

இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவு, மைய அரசு தனியே அறிவித்தாலன்றி, அச்சட்டம் பட்டியல் பழங்குடியினர்க்குப் பொருந்தாது எனக் கூறுகின்றது. பழங்குடியினரின் வழக்காறுகளைக் காத்தல் அதன் நோக்கம். 2022 ஆம் ஆண்டு திசம்பர் 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இவ்விலக்கால் பழங்குடிப் பெண்டிர் சம பங்கை இழப்பதைச் சுட்டி, சட்டத்தைத் திருத்துவது குறித்து ஆராயுமாறு மைய அரசை வேண்டியது. நரிக்குறவரைப் பழங்குடியினராக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே திங்களில்தான். ஆகவே, கல்வியிலும் பணியிலும் ஒரு கதவு திறந்த அந்நாளிலேயே, வாரிசுரிமையில் மற்றொரு கதவு அக்குடிப் பெண்ணுக்குச் சாத்தப்பட்டது. ஒரு கதவைத் திறந்தவர் மற்றதைச் சாத்த எண்ணினார் அல்லர். இரண்டும் வெவ்வேறு துறையின் பொறுப்பில் இருந்தன என்பதே உண்மை. 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்காறு மெய்ப்பிக்கப்படாவிடில் பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. எனினும் வழக்காடிப் பெறும் உரிமை, பொருள் உடையார்க்கே எளிது.

2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் ஒருவகையிற் புதிய நெறியைக் காட்டியது. குடும்பத் தலைவிக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்க வகுக்கப்பட்ட அத்திட்டம், தந்தையின் சொத்தையோ முதலாளியின் கூலியையோ சாராமல், பெண்ணின் உழைப்பையே உரிமைக்குக் காரணமாகக் கொண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர் தொடக்கத்திலேயே பயனடைந்தனர். ஆனால் அதற்கும் குடும்ப அட்டை வேண்டும். அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாமையே குறமகளின் பழைய குறை.

ஓர் ஒப்புமை

அமெரிக்க நாட்டில் 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நிறத்தாலும் பாலாலும் வேலையில் வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது. அச்சட்டத்திற்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்குச் சேர்க்காதிருந்த ஒரு மோட்டார்த் தொழிற்சாலை, பின்னர் ஆட்குறைப்பில் இறுதியிற் சேர்ந்தோரை முதலில் நீக்கியபோது, அப்பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கை 1976 ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்கவில்லை. கறுப்பின ஆடவர் அங்கு வேலை செய்தனர், ஆகவே நிறவேற்றுமை இல்லை. வெள்ளைப் பெண்டிர் அங்கு வேலை செய்தனர், ஆகவே பால்வேற்றுமை இல்லை என்பது முடிபாயிற்று. இரண்டும் கூடிய கறுப்பினப் பெண்டிர்க்கெனத் தனிநிலை சட்டத்தில் இல்லை என்றாயிற்று. 1989 ஆம் ஆண்டில் கிம்பர்லே கிரென்ஷா என்னும் சட்ட அறிஞர் இவ்வழக்கை எடுத்துக்காட்டி, இரு வேற்றுமைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவரை எவ்வேற்றுமைக்குரிய சட்டமும் காப்பதில்லை என நிறுவினார். நம் நாட்டில் குறமகள் நிற்பதும் அவ்விடமே. சாதிப் பட்டியல் குடியைக் காண்கின்றது. அதில் முன்வரும் ஆடவர் பயனடைவர். பெண்ணுரிமைச் சட்டம் பெண்ணைக் காண்கின்றது. அதில் சொத்துடைய குடிப் பெண்டிர் பயனடைவர்.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றான் சில முடிபுகள் பெறப்படும். குறவர் வறுமை பிறவி இயல்பாலோ அலையும் பழக்கத்தாலோ வந்ததன்று. உப்புத் தனியுரிமை, இருப்புப்பாதை, காட்டுச் சட்டம், குற்றப் பரம்பரைச் சட்டம் என ஆண்டு குறிப்பிடத்தக்க காரணங்களால் விளைந்தது. அக்காரணங்கள் ஆணினும் பெண்ணின் தொழிலை மிகுதியும் அழித்தன. ஏனெனில் அவள் தொழில் நடையை முதலாகக் கொண்டது. குறைதீர்க்க வந்த கொள்கைகள் குடியையும் பாலையும் தனித்தனியே நோக்கியமையால், இரண்டும் கூடும் இடத்தில் நின்றவளை முழுமையாக எட்டவில்லை.

ஆண்டு குறித்துச் செய்யப்பட்ட தீங்கை ஆண்டு குறித்து நீக்குதலும் இயல்வதே. மனைப்பட்டாவைக் குடும்பப் பெண்ணின் பெயரால் வழங்குதல் முதற்படி. அதனால் முகவரியும் அட்டையும் கடன்பெறும் தகுதியும் ஒருங்கே வரும். மூங்கிலும் பிரம்பும் எடுக்கும் உரிமையை முடைவோர்க்கு மீட்டுத் தருதல் இரண்டாவது. பழங்குடிப் பெண்டிரின் வாரிசுரிமையைச் சட்டத்தாலேயே தெளிவாக்குதல் மூன்றாவது. அடுத்த மக்கட்கணக்கில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என ஒன்றிய அரசு 2025 ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. அக்கணக்கு சாதியை ஒரு பட்டியலிலும் பாலை வேறொரு பட்டியலிலும் வெளியிடுமாயின், குறமகள் மீண்டும் மறைவாள். ஒவ்வொரு குடியிலும் பெண்டிரின் நிலம், தொழில், கல்வி ஆகியவை தனியே தரப்படுதல் வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. குறவஞ்சி நூல்கள் பல அச்சேறியுள்ளன. சில இன்னும் ஏட்டில் உள்ளன. அவற்றிற் குறத்தி பெற்ற பரிசுகளும், சென்ற ஊர்களும், கூறும் தொழில்களும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். அத்தொகுப்பை நாயக்கர் காலச் செப்பேடுகளோடும், உப்பு இலாகாவின் பதிவுகளோடும், குடியேற்றங்களின் பெயர் ஏடுகளோடும் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். குறவர் இல்லங்களில் முதியோர் நினைவில் வழங்கும் வழித்தடங்களையும் தொழிற்சொற்களையும் அவர்தம் வாய்மொழியாகவே பதிதல் இன்னும் விரைந்து செய்யத்தக்கது. அவ்வாராய்ச்சி நிறைவுறுங்கால், குறவஞ்சி என்னும் இலக்கியவகை ஓர் உழைப்பாளிப் பெண்ணின் பொருள்வாழ்விற்கும் சான்றாக நிற்கும் என்பது எம் துணிபு.